ட்ரெலோர் எழுதிய பெயர்

2012 அக்டோபர் 4, வியாழக்கிழமை காலை 6.20 மணிக்கு, மிச்சிகன் மாநிலத்தின் வட தீபகற்பத்தில், ஆஷ்மோர் நகர மருத்துவமனையில், ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர் எல்வுட் ட்ரெலோர் காலமானார். வயது எண்பத்து மூன்று.

அடுத்த புதன்கிழமை, லூத்தரன் தேவாலயத்தின் நிலவறைச் சமையற்கூடத்தில் பதினோரு பெண்கள் அவருடைய நினைவுக் கூட்டத்துக்காக இருநூற்று நாற்பது பாஸ்டி செய்துகொண்டிருந்தார்கள். மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், ருட்டபேகா கிழங்கு எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி, பன்றிக்கொழுப்பு சேர்த்துப் பிசைந்த மாவு வட்டத்தில் வைத்து மடித்து, ஓரத்தை விரலால் முறுக்கி மூட வேண்டும். மேசையின் கடைசியில் ஓரம் முறுக்குகிற இடத்தில் தைமி லாஹ்ட்டி நின்றாள். பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடம் வேலை பார்த்த கை. அறுபத்து நான்கு வயதிலும் நிமிடத்துக்கு மூன்று பாஸ்டி மூடும்.

"அவ்வளவு அழுத்தாதே தைமி, மாவு கிழியுது" என்றாள் லோயிஸ். அவள்தான் சமையற்கூடத்துக்குப் பொறுப்பு.

"ட்ரெலோரோட கழுத்துன்னு நெனச்சு அழுத்துறேன். விடு."

"வரவேண்டாம்னு நான் போன்லயே சொன்னேன் இல்ல?"

"வராம இருந்தா என்ன பேசுவீங்கன்னு எனக்குத் தெரியாதா? 'கருங்காலி மக மூஞ்சியைக் காட்ட மாட்டேங்குறா'ன்னு பேசுவீங்க. வந்தாச்சு. கிழங்கைத் தள்ளு."

மேசையின் அந்தப் பக்கத்தில் வேறொரு தகராறு. யாரோ இறைச்சியில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டார்கள். ஒருத்தி இன்னொருத்தியைக் கைகாட்டினாள். கைகாட்டப்பட்டவள் கரண்டியை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, "யார் பார்த்தது? எங்க நின்னு பார்த்தே?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அடங்கியதும் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அது ட்ரெலோரின் கேள்வி. முப்பத்து நான்கு வருடம் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அதைக் கேட்டுக்கொண்டே பாடம் நடத்தினார். அவரிடம் படித்தவர்களில் பேராசிரியர் ஆனவர்கள் இரண்டு பேர்தான். மற்றவர்கள் செவிலியர், ஷெரிஃப் ஆபீஸ்காரர்கள், பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர்கள். அந்தக் கேள்வி அவர்களோடு ஊருக்குள் இறங்கிவிட்டது. ஆஷ்மோரில் புருஷன் பெண்டாட்டி சண்டையில்கூட அதைக் கேட்கலாம்.

தைமி சிரிக்கவில்லை. அடுத்த பாஸ்டியை எடுத்தாள்.

ட்ரெலோரின் அப்பா ஆல்டன் என்ற இரும்புச் சுரங்கத்தில் கேப்டன். மேற்பார்வை பார்க்கிறவரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்த குடும்பத்தார் கேப்டன் ஆனார்கள், ஃபின்லாந்திலிருந்து வந்த குடும்பத்தார் கீழே இறங்கித் தோண்டினார்கள். 1957 குளிர்காலத்தில் ஆல்டன் சுரங்கத்தில் பதினான்கு வாரம் வேலைநிறுத்தம் நடந்தது. இருபத்து நான்கு வருடம் கழித்து கேப்டன் மகன் அதைப் புத்தகமாக எழுதினார். பக்கம் 208இல், சங்கத்தை மீறி ராத்திரி ஷிப்டில் திருட்டுத்தனமாக இறங்கிய நாற்பத்தொரு பேரின் பட்டியலைக் கொடுத்தார். இறங்குகிற ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த பித்தளை வில்லை உண்டு. உள்ளே போகும்போது அதைப் பலகையில் மாட்ட வேண்டும். கம்பெனியின் நேரப் பேரேட்டில் அந்த எண்கள் இருந்தன. 417ஆம் எண் பிப்ரவரியில் ஒன்பது ஷிப்ட் இறங்கியிருந்தது. அது ஆர்வோ மட்டிலாவின் எண். தைமியின் அப்பா.

புத்தகம் வந்த மாதத்திலேயே சங்கக் கட்டடத்துப் பலகையில் ஆர்வோவின் பெயரை உளியால் சுரண்டிவிட்டார்கள். கடைசிவரை நின்றவர்கள் பெயரெல்லாம் அந்தப் பலகையில் இருக்கும், தொழிலாளர் தினத்தன்று உரக்க வாசிப்பார்கள். 1990இல் அவர் செத்தபோது பெட்டியைத் தூக்கச் சங்கத்திலிருந்து ஒரு ஆள்கூட வரவில்லை. சுரங்கத்தில் முப்பத்தொரு வருடம் இறங்கியவருக்குச் சங்க பேட்ஜ் குத்திய ஆறு பேர் தோள் கொடுப்பது வழக்கம். நான்கு மச்சினர்களும் பாதிரியாரும் தைமியின் புருஷனும் தூக்கினார்கள். கல்லறை மேட்டில் பனி இறுகிக் கிடந்தது, பாதிரியார் ஒரு தடவை வழுக்கினார்.

"அப்பா காட்டுலதான் இருந்தார்" என்று புத்தகம் வந்த நாளிலிருந்து தைமி சொல்லாத இடம் இல்லை. அந்த ஒன்பது நாளும் அறுபது மைல் தள்ளி மரம் வெட்டும் முகாமில் இருந்தார், திரும்பி வந்தபோது கோட்டில் ஸ்ப்ரூஸ் மரப் பிசின் வாடை அடித்தது, அவளுக்கு அப்போது ஒன்பது வயது, முகத்தை அதில் வைத்து அழுதிருக்கிறாள். ட்ரெலோரிடமும் சொன்னாள். அவர் முழுதும் கேட்டுக் குறித்துக்கொண்டு, "நீங்க மகள். சொல்றதால உங்களுக்கு லாபம். இது மட்டும் போதாது" என்றார். முகாம் முதலாளி செத்துப் போயிருந்தான். ஏடு எதுவும் இல்லை. ஆர்வோவைக் கேட்டால், "இறங்கினது என் பித்தளை. நான் வேற என்ன சொல்ல?" என்பதோடு நிறுத்திக்கொண்டார். 1991இல் கோ-ஆப் கடையில் ட்ரெலோரைப் பார்த்தபோது தைமி அவர் முகத்தில் துப்பினாள். அவர் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

நிலவறைப் படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. டேல் போஷாம்ப் இறங்கி வந்தான். சாலைத் துறையின் ஆரஞ்சு ஜாக்கெட், ஐம்பத்து மூன்று வயது, தலையில் முடி இல்லை. பகலில் சாலைத் துறை வேலை. மற்ற நேரமெல்லாம் ட்ரெலோர் வேலை. அவர் புத்தகத்தின் மூன்றாம் பதிப்பை அவன்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பின்னாடி அடுப்புப் பக்கம் போய்ப் பேசலாமா தைமி?"

"இங்கயே பேசு. இவளுங்க எப்படியும் கேக்கத்தான் போறாளுங்க."

"திங்கக்கிழமை பக்கமெல்லாம் அச்சுக்குப் போகுது. 208ஐ மறுபடி பார்க்கச் சொல்லிட்டுப் போயிருக்கார்."

மாவு தேய்க்கிற கட்டைகள் நின்றன.

"யாரு?"

"அவர்தான். ஜூலையில சொன்னார்."

"சாகப்போறோம்னு தெரிஞ்சதும் புத்தி வந்துச்சாக்கும்" என்றாள் தைமி. "முப்பத்தொரு வருஷமா நான் நாய் மாதிரி கத்தினேன்."

"உங்க சித்தியைப் பார்க்கணும். நாளைக்கு வரவா?"

"எங்க சித்திக்கு எதுவும் ஞாபகம் இல்ல. ஆயிரம் தடவை கேட்டுட்டேன்."

"நான் கேக்குறேன்."

"உனக்கு மூணாங்கிளாஸ்ல சூப்பு ஊத்தினவ நான். நீ என்னைவிட நல்லாக் கேப்பியோ? வா, வந்து கேளு" என்று அடுத்த மாவைத் தன் பக்கம் இழுத்தாள் தைமி.

சித்தி என்பது சில்வி மட்டிலா. ஆர்வோவின் தம்பி வில்ஹோவின் மனைவி. எண்பத்தாறு வயது. வில்ஹோ செத்து வீடு விற்றபிறகு தைமியின் வீட்டுக் கீழறைக்கு வந்து பதினோரு வருடம் ஆயிற்று. பிள்ளைகள் இல்லை. காதில் ஒரு கருவி உண்டு, தைமி திட்ட ஆரம்பித்தால் அதன் பொத்தானைத் திருப்பி அணைத்துவிடுவாள். அது தைமிக்குத் தெரியும். அணைத்தபிறகும் திட்டுவாள். இரண்டு பேருக்கும் அது பழகிப்போயிருந்தது.

வியாழக்கிழமை மதியம் ஏரிக் காற்று வடமேற்கிலிருந்து அடித்தது. மழையும் இல்லாமல் பனியும் இல்லாமல் இரண்டும் கலந்து ஜன்னலில் அறைந்தது. தைமி காலையில் சுட்ட நிசு ரொட்டியை வெட்டி வைத்திருந்தாள், சமையலறையெல்லாம் ஏலக்காய் மணம். டேல் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்தான். பொத்தானை அமுக்கவில்லை. சில்வி ரொட்டியைக் காபியில் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும் தைமி. கோபப்படக் கூடாது."

"கோபப்படுவேன். கேளு."

"நீங்க கொஞ்சம் வெளிய இருக்கணும்."

"எங்க வெளிய?"

"இந்த ரூமுக்கு வெளிய. வீட்டுக்கே வெளியன்னா இன்னும் நல்லது. அவர் வச்ச வழக்கம் அது. யாருக்கு லாபமோ அவங்க பக்கத்துல இருக்கக் கூடாது. யாருக்குப் பயப்படுவாங்களோ அவங்களும் கூடாது. நீங்க ரெண்டும்."

"இது யார் வீடு?"

"உங்க வீடு."

"நீ குடிக்கிற காபி யார் போட்டது?"

"நீங்க."

"அப்ப நீ எந்திரி. செத்தவன் என்னை என் சமையக்கட்டுலேருந்து வெரட்டுவானா? அதுக்கு நீ ஆளா?"

டேல் கோப்பையைக் கீழே வைத்தான். "அவரே ஒரு தடவை இந்த வழக்கத்தை மீறிட்டார். 1979ல. நான்தான் மைக்கைப் புடிச்சிருந்தேன், அப்ப இருபது வயசு. போன ஜூலையில ஆக்ஸிஜன் குழாயோட உட்கார்ந்து அந்த டேப்பை மறுபடியும் கேட்டார். பாதியில நிறுத்தி, 'பின்னாடி நாற்காலி இழுக்குற சத்தம் கேக்குதா டேல்? அந்த ஆளை நாம வெளிய அனுப்பல. என் தப்பு'ன்னார். மறுபடி போய்க் கேளுன்னார். அதான் வந்திருக்கேன்."

"எந்த டேப்பு? யார் பேசினது?"

"சொல்ல முடியாது."

"எங்கப்பா மேல ஒருத்தன் சாட்சி சொல்லியிருக்கான்! ஏட்டுல எண்ணு இருக்குன்னுதானே இத்தனை நாளா சொன்னீங்க?"

"ஏடு மட்டும்னா அவர் போட்டிருக்க மாட்டார். ஏடும் வேணும், வாயும் வேணும்."

"யார் வாய்?"

"பேசினவங்க உயிரோட இருக்குறவரைக்கும் பேரை வெளிய விடமாட்டோம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கோம். அவங்களாச் சொன்னா உண்டு."

"கையெழுத்து!" தைமி எழுந்து நின்றாள். "எவனோ ஒரு திருட்டுப் பயலுக்குக் கையெழுத்து. எங்கப்பனுக்கு உளி. சொல்றேன் கேட்டுக்கோ டேல். சாட்சியும் இல்ல, டேப்பும் இல்ல. அவன் கேப்டன் மகன். ஃபின்லாந்துக்காரன் ஒருத்தனாவது கருங்காலின்னு காட்டணும் அவனுக்கு. கட்டிவிட்டான் கதையை. பொய்யன். செத்தது நல்லதாப் போச்சு. சனிக்கிழமை நீங்க எல்லாம் உட்கார்ந்து அழுங்க, நான் சுட்ட பாஸ்டியைத் தின்னுக்கிட்டு."

"அந்த மனுஷனைத் திட்டாதே" என்றாள் சில்வி.

தைமி திரும்பினாள். காதுக் கருவியின் சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"நீ சும்மா இரு சித்தி."

"கட்டிவிடல. நான்தான் சொன்னேன்."

சில்வி தோய்த்த ரொட்டித் துண்டு உடைந்து காபிக்குள் விழுந்தது. அவள் கரண்டியால் அதைத் தேடினாள்.

"என்ன சொன்னே?"

"ஆர்வோதான் இறங்கினான்னு சொன்னேன். உங்க சித்தப்பன் பக்கத்துல உட்கார்ந்திருந்தார். நாற்காலியை இழுத்துக்கிட்டு."

"ஏன்?"

"இறங்கினது அவர். வேலைநிறுத்தம் ஆரம்பிச்ச அன்னைக்கு எல்லாருக்கும் முன்னாடி பாலத்துலேருந்து தன் பித்தளையை ஆத்துல வீசினவர் அவர். ஊரே கை தட்டுச்சு. உங்கப்பா வீசல, கதவுப் பக்கம் ஆணியில மாட்டி வச்சிருந்தார். பிப்ரவரியில எங்க குழந்தைக்கு மூச்சு இழுத்துச்சு. இறங்குற வீட்டுக்குத்தான் கம்பெனி டாக்டர் வருவார். உங்கப்பா காட்டுல. உங்கம்மா மாட்டுக் கொட்டகையில. இவர் வந்து ஆணியிலேருந்து எடுத்துக்கிட்டார். அண்ணன் பித்தளையில தம்பி இறங்குறது புதுசா? குடிச்சுட்டுப் படுத்தாலும் அப்படித்தான் பண்ணுவாங்க. கேப்டனுக்குத் தெரியும், கண்டுக்கமாட்டான்."

"குழந்தை?"

"டாக்டர் ரெண்டு தடவை வந்தார். இருபத்தாறாம் தேதி போயிடுச்சு. அதுக்கப்புறம் இவர் இறங்கல."

"அப்பா உயிரோட இருந்தாரே அப்ப. எழுபத்தொம்பதுல அப்பா உயிரோட இருந்தாரே."

"அவர் தம்பியைக் காட்டிக்கொடுக்க மாட்டார். அது எங்களுக்குத் தெரியும்."

"தெரிஞ்சுதான் சொன்னீங்க."

"தெரிஞ்சுதான் சொன்னோம்." சில்வி ரொட்டித் துண்டைக் கரண்டியில் எடுத்தாள். "நீ கடையில அந்த மனுஷன் மூஞ்சியில துப்பினியே, நான் பால் டப்பாவை வச்சுக்கிட்டு உன் பின்னாடிதான் நின்னேன். அவர் துடைச்சுக்கிட்டு என்னைப் பார்த்தார். வாயைத் திறக்கல. 'இவகிட்ட கேளு'ன்னு ஒரு வார்த்தை போதும். சொல்லல."

"பதினோரு வருஷம் என் கையால தின்னியே, நீ மட்டும் சொன்னியா?"

"இல்ல."

டேல் தொண்டையைச் செருமினான். "இப்ப சொன்னது கணக்குல வராது தைமி."

"என்னது?"

"உங்க முன்னாடி சொன்னாங்க. நீங்க மிரட்டிச் சொல்லவச்சதுன்னு நாளைக்கு ஒருத்தன் கேட்டா என்கிட்ட பதில் இல்ல. மறுபடி சொல்லணும். தனியா."

தைமி அவனை அடித்துவிடுவாள் போலிருந்தது. பிறகு ஆணியிலிருந்து புருஷனின் பழைய கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே போனாள்.

விறகுக் கொட்டகைக்கு முன்னால் பிளந்த மேப்பிள் கட்டைகள் குவியலாகக் கிடந்தன. அக்டோபருக்குள் அடுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பனி மூடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அவள் கையுறை எடுத்து வரவில்லை. வெறுங்கையாலேயே அடுக்கினாள். பட்டை மேல்பக்கம், வெட்டுவாய் வெளிப்பக்கம், இரண்டு வரிசைக்கு ஒரு குறுக்குக் கட்டை. சமையலறை ஜன்னலில் இரண்டு தலைகள் தெரிந்தன. ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஒரு தடவை சில்வி கையைத் தூக்கி எதையோ வீசுவதுபோலக் காட்டினாள். பாலத்தையும் ஆற்றையும் சொல்கிறாளாக்கும் என்று தைமி நினைத்தாள். கோட்டின் தோள் நனைந்து ஈரம் உள்ளே இறங்கியது. நாற்பது நிமிடத்தில் மூன்று வரிசை ஏறியிருந்தது.

டேல் வந்து நின்றான். கீழே கிடந்த ஒரு கட்டையை எடுத்தான்.

"வை கீழே. உன் உதவி வேண்டாம்."

வைத்தான்.

"கையெழுத்துப் போட்டாளா?"

"போட்டாங்க. எங்க நின்னாங்க, என்ன பார்த்தாங்க, எல்லாம் சொன்னாங்க. பேரை வெளிய விடலாம்னும் எழுதிக் குடுத்தாங்க. போதும். பேரு மாறும்."

"அவனுக்கு எப்ப சந்தேகம் வந்துச்சு?"

"ஜூலையில."

"அதுக்கு முன்னாடி? நீ அவன்கிட்ட படிச்சவன். எனக்குப் பொய் சொல்லாதே."

டேல் தொப்பியைக் கழற்றித் தண்ணீரை உதறினான். "கடையில நடந்துச்சே, அன்னைக்குச் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். 'பொய்யான கோபம் இத்தனை நாள் நிக்குமா டேல்?'னு கேட்டார். எனக்குத் தெரியலன்னேன். அதோட விட்டுட்டார்."

"அது தொண்ணூத்தொண்ணு."

"ஆமா."

"இருபத்தொரு வருஷம். மைல் கணக்கா இல்ல, ரெண்டு தெரு தள்ளி இருந்தான். ஒரு தடவை வந்து கதவைத் தட்டி, கெழவியைத் தனியாக் கேக்குறதுக்கு அவனுக்கு இருபத்தொரு வருஷம்."

டேல் ஈரத் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டான்.

"சித்திக்கு வாக்குக் குடுத்தான், காப்பாத்தினான். சரி. கேள்வி கேக்கக் கூடாதுன்னு யாருக்காவது வாக்குக் குடுத்தானா?"

"இல்ல. அது அவர் தப்பு. சனிக்கிழமை அதையும் சொல்லுவேன். எழுந்து நின்னு சொல்லுவேன்."

"அழுதுக்கிட்டு இருக்குறவங்க முன்னாடியா? உன்னைத் தூக்கி வெளிய போடுவாங்க."

"போடமாட்டாங்க. அவர்கிட்ட படிச்சவங்க."

"அவன் பேரைச் சொல்லாம உனக்கு ஒண்ணுமே பண்ண வராதா?"

"வராது தைமி" என்றான் டேல். "எனக்கு அவர் போட்ட மார்க் சி. இருந்தாலும் வராது."

அவன் வண்டி போன பிறகு அவள் இன்னும் ஒரு வரிசை அடுக்கினாள். உள்ளே வந்தபோது சில்வி அதே நாற்காலியில் இருந்தாள். கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். பதினோரு வருடத்தில் அவள் பாத்திரம் கழுவியது அதுதான் முதல் தடவை.

"இதைக் கழுவிட்டா சரியாப் போச்சா?" என்றாள் தைமி.

"இல்ல."

"அப்பா பெட்டியைப் பாதிரியார் தூக்கினார். வழுக்கி விழப் பார்த்தார். நீ கறுப்புத் தொப்பி போட்டுக்கிட்டு என் கையைப் புடிச்சுக்கிட்டு நின்னே."

"நின்னேன்."

"என்ன நெனச்சே அப்ப?"

"வில்ஹோவுக்கு ஆறு பேர் வருவாங்கன்னு நெனச்சேன்."

வந்திருந்தார்கள். 2000இல், பேட்ஜ் குத்திய ஆறு பேர். தைமி அன்று தேவாலய நிலவறையில் நூற்று இருபது பேருக்குக் காபி ஊற்றினாள்.

"கவுண்டி முதியோர் இல்லத்துக்கு நாளைக்கு போன் பண்ணப்போறேன்" என்றாள் தைமி. "இடம் கெடைக்கிறவரைக்கும் மூணு வேளையும் சாப்பாடு வரும். என்கிட்ட பேசாதே."

சில்வி தலையசைத்தாள். கருவியை அணைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தைமி தேவாலயத்துக்குப் போய் பாக்கி எழுபது பாஸ்டிக்கு ஓரம் முறுக்கினாள். செய்தி அவளுக்கு முன்பே படி இறங்கியிருந்தது. யாரும் அவளிடம் நேராகப் பேசவில்லை. லோயிஸ் மட்டும் பக்கத்தில் வந்து, "என்ன சொல்றதுன்னு தெரியல தைமி" என்றாள்.

"தெரியலன்னா கிழங்கை நறுக்கு. முப்பத்தொரு வருஷம் தெரிஞ்ச மாதிரிதானே பேசினீங்க?"

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் பல்கலைக்கழக அரங்கில் கூட்டம் தொடங்கியது. முந்நூற்றுப் பத்துப் பேர் வந்திருந்தார்கள், சுவரோரம் நின்றவர்கள் தனி. தைமி தட்டுகளை இறக்கிவிட்டுப் போகத்தான் வந்தாள். ஆனால் பின்கதவுக்குப் பக்கத்தில், மேலங்கியைக் கழற்றாமல், நின்றுவிட்டாள். பத்துப் பேர் பேசினார்கள். ஷெரிஃப் ஆபீஸ்காரர் ஒருவர் பாதியில் குரல் உடைந்து உட்கார்ந்தார். டேல் பதினோராவது ஆள். அவன் ட்ரெலோரைப் பாராட்டி ஒரு வரியும் சொல்லவில்லை. பக்கம் 208இல் இருந்த தவறு, அது எப்படி நேர்ந்தது, எந்த வழக்கத்தை எந்தத் தேதியில் அவர் மீறினார், சந்தேகம் வந்தபிறகும் எத்தனை வருடம் கேட்காமல் விட்டார் என்பதைத் தாளைப் பார்த்து வாசித்தான். ஆர்வோ மட்டிலாவின் பெயரை இரண்டு தடவை சொன்னான். அரங்கில் ஒருவரும் எழுந்து போகவில்லை. முன்வரிசையில் ஒரு பெண், "டேப் யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டாள். பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது, யாரும் கேட்கலாம் என்று அவன் பதில் சொன்னான்.

சங்கத் தலைவர் தைமியைப் பின்கதவில் கண்டுகொண்டு வந்தார். சின்ன வயதுக்காரர். பலகையில் பெயரைத் திரும்பப் பொறிப்பதாகவும், வருகிற தொழிலாளர் தினத்தில் அவளே வந்து வாசிக்க வேண்டும் என்றும் கேட்டார்.

"சுரண்டினது நீங்க. நீங்களே வாசிங்க" என்று சொல்லிவிட்டு, காலித் தட்டுகளை அடுக்கிக்கொண்டு அவள் வண்டிக்குப் போனாள்.

மூன்றாம் பதிப்பு 2013 மே மாதம் வெளிவந்தது. 417 என்ற எண்ணுக்கு எதிரில் வில்ஹோ மட்டிலா என்று அச்சாகியிருக்கிறது. அடிக்குறிப்பு ஒன்றரைப் பக்கம் நீள்கிறது.

சில்வி மட்டிலா 2012 நவம்பர் 5, திங்கட்கிழமை, கவுண்டி முதியோர் இல்லத்தில் சேர்க்கப்பட்டாள். சேர்க்கைத் தாளில் நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் தைமி லாஹ்ட்டி கையெழுத்திட்டிருக்கிறாள். பார்வையாளர் ஏட்டில் அவள் பெயர் இல்லை.